சட்டம் பழக்கமாகும் ஊர்

மாண்ட்ரியலில் பெரும் பனி பெய்து ஓய்ந்த மறுநாள் தெருவில் ஒரு அலறல் கேட்கும். ஆம்புலன்ஸ் சத்தமும் இல்லை, தீயணைப்பு வண்டியும் இல்லை. இரண்டு சுருதியில் மாறி மாறி ஊளையிட்டபடி ஊர்ந்து வரும் இழுவை வண்டி அது. சத்தம் கேட்டதும், ஓரமாகக் கார் நிறுத்தியிருப்பவர்கள் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடுவார்கள். ஓடி வராதவரின் காரைக் கொக்கி போட்டுத் தூக்கி, பக்கத்தில் ஏதாவது ஒரு தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அபராதச் சீட்டும் வரும். கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று தேடுவது அவரவர் பாடு.

வண்டி எடுக்க வேண்டிய நேரத்தை முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பலகைகளைப் பனிக்குவியலில் குத்தி வைத்துவிட்டுப் போவார்கள்: காலை 7 முதல் மாலை 7 வரை, அல்லது மாலை 7 முதல் காலை 7 வரை. கடைசி எச்சரிக்கைதான் அந்த அலறல். அதற்குப் பின்னால் வருவது ஒரு ஊர்வலம். நடைபாதை அளவுக்கே அகலமுள்ள குட்டி வண்டிகள் அங்குள்ள பனியைச் சாலைக்குத் தள்ளும். பெரிய இரும்புத் தகடு பூட்டிய வண்டிகள் அதை நீண்ட வரப்பாக ஒதுக்கும். அடுத்து வருவது பனி ஊதும் இயந்திரம். அதன் வாயில் சுழலும் இரும்புத் திருகுகள் வரப்பை அப்படியே அள்ளி விழுங்க, மேலே வளைந்திருக்கும் குழாய் அதைப் பக்கத்தில் அதே வேகத்தில் நகரும் லாரிக்குள் பீய்ச்சி அடிக்கும். ஒரு லாரி நிரம்பி விலகியதும் அடுத்தது குழாய்க்குக் கீழே வந்து சேரும். இந்த இயந்திரத்தை 1925இல் உருவாக்கியவரே ஒரு கியூபெக்காரர்தான், பெயர் ஆர்தர் சிக்கார். அவரிடம் முதலில் வாங்கியது மாண்ட்ரியலை ஒட்டியிருந்த ஊத்ரமோன் நகராட்சி, 1927இல்.

ஒரு குளிர்காலத்தில் இங்கே சராசரியாக 2 மீட்டர் உயரத்துக்குப் பனி பெய்கிறது. சாலையும் நடைபாதையுமாகச் சேர்த்துச் சுமார் 10,000 கிலோமீட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். சுமார் 3,000 பேர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அள்ளிய பனியில் ஒரு பகுதி பாதாளச் சாக்கடைக்குள் போகிறது. மீதி, ஊருக்குள்ளேயே இருக்கும் கிடங்குகளுக்கு. அவற்றில் மிகப் பெரியது சென் மிஷேல் பகுதியில் உள்ள பிரான்கோன் என்ற பழைய கல் குவாரி. வெலோகனைட் என்ற கனிமம் 1968இல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமானது இந்தக் குவாரியிலிருந்துதான். இன்று அங்கே பனி மலை நிற்கிறது. ஜூலையில் வெயில் 30 டிகிரியைத் தொடும்போதும், ஊரே அரைக்கால் சட்டையில் திரியும்போதும், அழுக்கேறிய அந்த மலை முழுசாகக் கரைந்திருக்காது. காரணம் எளிது. ஒரு கிலோ பனிக்கட்டியைத் தண்ணீராக மாற்றத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பத்தைப் பனி சும்மா குடித்துவிடுகிறது. மேலே படியும் மண்ணும் சரளையும் போர்வையாகி உள்ளே வெயில் இறங்காமல் தடுக்கின்றன.

புதிதாக வருகிற தமிழருக்கு இந்தக் கியூபெக் மாகாண அரசும் நகராட்சியும் முதலில் கண்ணில் படுவது இப்படித்தான். இன்னும் எத்தனையோ இடங்களில் அரசு வெளிப்படையாகவே நிற்கிறது. மின்சாரம் அரசு நிறுவனமான ஹைட்ரோ கியூபெக்குடையது; அதில்தான் பெரும்பாலான வீடுகள் கதகதப்பாகின்றன. மதுவை விற்க 1921லேயே அரசு தனி ஆணையம் அமைத்தது. டாஸ்மாக்கை அறிந்த நமக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 2018 அக்டோபரிலிருந்து கஞ்சாவையும் அரசுக் கடையில்தான் விற்கிறார்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் போட்டே ஆக வேண்டும். இவையெல்லாம் எந்தச் சுற்றுலாப் பயணிக்கும் தெரிகிற விஷயங்கள். சில வருடம் இருந்து பழகிய பிறகுதான் வேறொன்று பிடிபடத் தொடங்குகிறது. சட்டம் இங்கே மிக ஆழமாக வேலை செய்திருக்கும் இடங்களில் பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. நம் ஊரில் இருக்கிற ஒன்று இங்கே இருக்காது. இல்லை என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியவும் தெரியாது. வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத்தான் அந்த வெற்றிடம் படும்.

வீடு தேடி அலைந்த நாட்களில் மாண்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் கேட்டேன்: "அண்ணா, இங்கே அட்வான்ஸ் எத்தனை மாசம் கேட்பாங்க?"

"அட்வான்ஸோ? அப்பிடி ஒண்டும் இஞ்ச இல்லைத் தம்பி. முதல் மாசக் காசைக் குடுத்தாச் சரி."

சென்னையில் பத்து மாத வாடகையைப் புரட்டுவதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை அறிந்தவனுக்கு இது நம்பக் கஷ்டமாக இருந்தது. கியூபெக்கின் சிவில் சட்டத்தொகுப்பு முதல் மாத வாடகைக்கு மேல் ஒரு காசுகூட முன்பணமாகக் கேட்க வீட்டுக்காரரை அனுமதிப்பதில்லை. பக்கத்து மாகாணமான ஆன்டாரியோவில் கடைசி மாத வாடகையை முன்கூட்டியே வாங்கலாம். இங்கே அதுவும் கூடாது. ஒப்பந்தப் படிவம் அரசு அச்சடித்தது. அதில் ஒரு கட்டத்தில், முந்தைய குடித்தனக்காரர் கொடுத்த வாடகையை வீட்டுக்காரர் எழுத வேண்டும். திடீரென்று ஏற்றியிருக்கிறார் என்று தோன்றினால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒப்பந்தம் முடிந்தாலும் குடித்தனம் தானாகவே நீடிக்கும். இங்கே பிறந்து வளர்ந்த என் சக ஊழியரிடம் அட்வான்ஸ் பற்றி விவரித்தபோது, அத்தனை பணத்தை ஏன் இன்னொருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

பெயரும் அப்படித்தான். 1981 ஏப்ரல் 2 முதல் கியூபெக்கில் கல்யாணம் ஆகும் பெண் தன் பிறந்த பெயரிலேயே இருக்க வேண்டும். வங்கி, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதே பெயர். கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பெண்ணே ஆசைப்பட்டாலும் சட்டம் விடாது. நம் பெண்களுக்கு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வருவது இயல்பாக நடக்கிறது. மற்ற கனடிய மாகாணங்களில் அது அவரவர் விருப்பம். இங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், இருபத்தைந்து வயதுக் கியூபெக் மணமகளுக்குப் பெயரை மாற்றலாமா என்ற கேள்வியே எழுவதில்லை. இது பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையா, விருப்பத்தை மறுக்கும் கட்டாயமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். எனக்கு முதல் பக்கமே மனசு சாய்கிறது. ஆனால் இரண்டாவது பக்கம் பேசுகிற பெண்களுக்கும் நியாயம் இருக்கிறது.

இப்படி ஒரு சட்டம் வாழ்க்கையை நிஜமாகவே மாற்றுகிறதா, அல்லது மாறிக்கொண்டிருந்த வாழ்க்கைக்குப் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறதா? சமூக அறிவியலில் பதில் காண மிகக் கடினமான கேள்வி இது. மருந்தைச் சோதிப்பவர்கள் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவார்கள். ஒரு நாட்டின் பாதிக்கு மட்டும் சட்டம் போட்டுப் பார்க்க முடியாது. மாண்ட்ரியலில் அது தற்செயலாக நடந்துவிட்டது.

1980 ஏப்ரல் 30 முதல், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து வணிக விளம்பரம் செய்வது கியூபெக்கில் குற்றம். பொம்மை, சாக்லேட், இனிப்பு தடவிய காலைத் தானியம், எதுவானாலும் சரி. கார்ட்டூன் நடுவே பிஸ்கெட் விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு, இங்குள்ள பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பிள்ளைகள் நேரம் அவ்வளவு அமைதியாக ஓடுவது விநோதமாக இருக்கும். இர்வின் டாய் என்ற பொம்மை நிறுவனம் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டமே வென்றது. விளம்பரம் எது, உண்மை எது என்று பிரித்தறியும் பக்குவம் சிறு பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை என்பதை நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் சட்டத்துக்கு எல்லை உண்டு. தொலைக்காட்சி அலைக்கு இல்லை. மாண்ட்ரியல் அமெரிக்க எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. இங்குள்ள ஆங்கில வீடுகளில் அமெரிக்க அலைவரிசைகள் தாராளமாக வந்தன, அவற்றில் பிள்ளைகளுக்கான விளம்பரங்களும் வந்தன. பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகள் உள்ளூர் பிரெஞ்சு நிகழ்ச்சிகளையே அதிகம் பார்த்தார்கள். ஒரே ஊர், ஒரே கடைத்தெரு, ஒரே பனி. விளம்பரம் மட்டும் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. மார்வின் கோல்ட்பெர்க் என்ற ஆய்வாளர் இதைப் பயன்படுத்திக்கொண்டு இரு மொழிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். 1990இல் வெளியானது அந்த ஆய்வு. சந்தையிலுள்ள பொம்மைகளை ஆங்கிலப் பிள்ளைகள் கூடுதலாக அடையாளம் சொன்னார்கள். பிள்ளைகளைக் குறிவைத்து விற்கப்படும் தானியப் பெட்டிகளும் அவர்கள் வீட்டில்தான் அதிகம் இருந்தன. அமெரிக்க அலைவரிசையை எவ்வளவு பார்த்தார்களோ அந்த அளவுக்கு வீட்டிலும் பெட்டிகள் கூடியிருந்தன.

2011இல் தீர்த்தா தார், கேத்தி பேலிஸ் இருவரும் இன்னும் நுட்பமாக ஒரு கணக்குப் போட்டார்கள். கியூபெக், ஆன்டாரியோ குடும்பங்கள் துரித உணவுக்குச் செய்த செலவை எடுத்துக்கொண்டார்கள். சட்டம் வேலை செய்கிறது என்றால் அதன் தடயம் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டுமே தெரிய வேண்டும்: பிரெஞ்சு பேசுகிற, பிள்ளைகள் இருக்கிற, கியூபெக் வீடுகளில். பிள்ளை இல்லாத வீட்டில் தெரியக் கூடாது. எல்லை தாண்டிய அலைவரிசை பார்க்கும் ஆங்கில வீட்டில் அதே அளவுக்குத் தெரியக் கூடாது. அப்படியே இருந்தது. அந்த வீடுகள் ஒரு வாரத்தில் துரித உணவு வாங்கும் வாய்ப்பு 13 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு இந்த ஆய்வின் எண்ணைவிட அதன் அமைப்புதான் பெரிய வியப்பு. ஒரு பிள்ளை கேட்காமல் விட்ட ஒன்றை, எழாத ஒரு ஆசையை, எங்கே தேட வேண்டும் என்று யோசித்து அளந்திருக்கிறார்கள். இணையம் வந்த பிறகு இந்த வேலி எவ்வளவு தாங்கும் என்பது தனிப் பிரச்சினை. கைபேசியில் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் காணொளிக்கு எந்த மாகாண எல்லையும் தெரியாது.

எல்லாக் கணக்கும் இப்படி நல்ல செய்தியோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997இல் கியூபெக் ஒரு நாளைக்கு 5 டாலருக்குக் குழந்தைக் காப்பகம் கொடுக்கத் தொடங்கியது. இன்று 9 டாலரைத் தாண்டியிருக்கிறது. மற்ற செலவுகளோடு பார்த்தால் அது இன்னும் சல்லிசுதான். 2008 வாக்கில் சுமார் 70,000 தாய்மார்கள் இதனால் கூடுதலாக வேலைக்குப் போனார்கள் என்று பியர் ஃபோர்ட்டனும் அவரது சகாக்களும் கணக்கிட்டார்கள். அதே 2008இல் வெளியான பேக்கர், குரூபர், மில்லிகன் மூவரின் ஆய்வோ, காப்பகத்துக்குப் போன பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருப்பதாகச் சொன்னது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். எந்தத் தரமான காப்பகத்தில் இடம் கிடைத்தது என்பதில்தான் விடை இருக்கிறது போலும். இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோரைக் கேட்டால் இரண்டு ஆய்வையும் ஒதுக்கிவிட்டு, முதலில் இடம் கொடுங்கள் என்பார்கள்.

தமிழ்க் குடும்பங்களை மிக நேரடியாகத் தொட்டது பள்ளிச் சட்டம். 1977 ஆகஸ்ட் 26 அன்று ரெனே லெவெக் அரசு நிறைவேற்றிய பிரெஞ்சு மொழிச் சாசனத்தை எல்லாரும் 101ஆம் சட்டம் என்பார்கள். அமைச்சர் கமில் லோரன் ஒரு மனநல மருத்துவர். அவர்தான் இதன் சிற்பி. அதுவரை இங்கே வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினார்கள். 1960களின் கடைசியில் சென் லியோனார் பகுதியில் இத்தாலியக் குடும்பங்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடுவே இதை வைத்துப் பெரும் மோதலே நடந்தது. 101ஆம் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. கனடாவுக்குள் ஆங்கிலவழியில் தொடக்கக் கல்வி கற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அரசு ஆங்கிலப் பள்ளியில் இடம். சென்னையில் கான்வென்டில் படித்திருந்தாலும் அது கணக்கில் வராது.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள் இந்தச் சட்டத்துக்குள்தான் வந்து இறங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டது கனடாத் தமிழர்கள் யாரும் மறக்காத செய்தி. அவர்களில் பலர் வந்து சேர்ந்தது மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும். டொராண்டோ பக்கம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலமும், வீட்டைப் பொறுத்துத் தமிழும் பேசுகிறார்கள். மாண்ட்ரியலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் பிரெஞ்சு, விளையாட்டிலும் இணையத்திலும் ஆங்கிலம், அம்மம்மாவோடு தமிழ். டோலார் தெசோர்மோவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு ஒரு விசேஷ நாளில் போய்ச் செருப்பு விடும் இடத்தில் நின்றால் போதும். பத்து வயதுப் பையன் தம்பியை பிரெஞ்சில் அதட்டி, நண்பனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்து, "அம்மா, பசிக்குது" என்று தமிழில் முடிப்பான். மூன்று மொழிக்காரர்களை உருவாக்குவது அந்தச் சட்டத்தின் நோக்கமே இல்லை. பிரெஞ்சைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. ஆனாலும் இது நடந்துவிட்டது. தமிழ்ப் பெற்றோர் பலர் அன்று ஆத்திரப்பட்டதும் உண்மை. இன்று அதே பெற்றோர் பிள்ளையின் பிரெஞ்சைப் பெருமையாகச் சொல்வதும் உண்மை.

அரசு அன்றாட வாழ்க்கைக்குள் இவ்வளவு தூரம் நுழைவது என்றதும் இன்னொரு நாடும் நினைவுக்கு வருகிறது. சீனாவுக்குப் போய்வந்த வெளிநாட்டவர்கள் எழுதும் குறிப்புகளில் தெருவெங்கும் தொங்கும் சிவப்புத் துணி வாசகங்களும், எதற்கெடுத்தாலும் நீட்ட வேண்டிய அடையாள அட்டையும் தவறாமல் வரும். அங்கே 1958 முதல் இருக்கும் ஹுகோவ் பதிவு முறை, ஒருவர் எந்த ஊரில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிமை கோரலாம் என்பதையே தீர்மானிக்கிறது. மாண்ட்ரியலின் நடுவே, கான்கார்டியா பல்கலைக்கழகத்துக்கு அருகில், சீனா பரிசாகக் கொடுத்த ஒரு வெண்சிலை நிற்கிறது. நார்மன் பெத்யூன் என்ற நெஞ்சக அறுவை மருத்துவருடையது. 1936இல் இதே ஊரில், ஏழைகளின் வைத்தியச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று அவர் குழு அமைத்துக் கேட்டார்; யாரும் செவிசாய்க்கவில்லை. 1938இல் சீனா போனார், போர்க்களத்தில் அறுவை செய்தபோது ஏற்பட்ட காயத்தால் இரத்தம் நஞ்சாகி மறு ஆண்டு நவம்பரில் இறந்தார். பெத்யூனுக்கு மாவோ எழுதிய அஞ்சலியைச் சீனப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். அவர் கேட்ட அரசு மருத்துவக் காப்பீடு கியூபெக்குக்கு வந்தது 1970இல்தான்.

அரசு வாழ்க்கைக்குள் நுழைவது இரண்டு இடத்திலும் நடக்கிறது. நுழைந்த அரசை வெளியே நிறுத்தி, ஏன் வந்தாய் என்று கேட்க வழி இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். 101ஆம் சட்டம் கடைப் பெயர்ப்பலகையில் பிரெஞ்சு மட்டுமே இருக்க வேண்டும் என்றது. 1988இல் உச்ச நீதிமன்றம் அது கருத்துரிமைக்கு விரோதம் என்றது. மாகாண முதல்வர் ராபர்ட் பூராசா அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பை மீறினார். நீதிமன்றம் என்ன சொன்னாலும், சில அடிப்படை உரிமைகளை ஐந்தைந்து ஆண்டுகளாக ஒதுக்கிவைக்கச் சட்டமன்றத்துக்கு அனுமதி தரும் பிரிவு அது. 1993இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் கண்டித்தது. அதே ஆண்டு, பிற மொழிகளும் இருக்கலாம், பிரெஞ்சு தூக்கலாக இருக்க வேண்டும் என்று சட்டம் தளர்ந்தது. 2013இல் ஓர் இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் 'பாஸ்தா' என்று இருப்பதை மொழி அலுவலக ஆய்வாளர் குற்றமாகக் குறிக்க, ஊரே கொதித்தது. சில வாரங்களில் அந்த அலுவலகத்தின் தலைவர் பதவி விலகினார். 2022இல் வந்த புதிய சட்டம் மறுபடியும் கயிற்றை இறுக்கியிருக்கிறது. வந்து ஆறு மாதம் ஆன குடியேறிகளோடு, மருத்துவம், நீதி போன்ற விலக்குகள் தவிர, அரசு பிரெஞ்சில் மட்டுமே பேசும். ஆறு மாதத்தில் வரிக் கடிதத்தைப் படிக்கும் அளவுக்கு யாருக்கு பிரெஞ்சு வரும்? தமிழ்நாட்டுக் கடைப் பலகைகளில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் விதியில் இருக்கிறது. தமிழைக் காக்க நினைக்கிறவன் என்ற முறையில் பிரெஞ்சுக்காரரின் பயம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் பலகையில் எழுத்து பெரிதாவது வேறு, வந்தவருக்குப் புரியாத மொழியில் மட்டும் கடிதம் போடுவது வேறு.

சட்டம் போன பிறகும் பழக்கம் நிற்கும் என்பதற்கு ஜூலை 1 சாட்சி. அன்று மாண்ட்ரியலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வீடு மாறுகின்றன. சுருள் இரும்புப் படிகளில் குளிர்பதனப் பெட்டியைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள், நடைபாதையெல்லாம் மெத்தைகள். முன்பு ஒப்பந்தங்கள் ஏப்ரல் 30இல் முடிந்து மே 1இல் குடி மாறுவது வழக்கம். பள்ளி ஆண்டின் நடுவே பிள்ளைகள் அல்லாடுகிறார்கள் என்று 1970களில் அரசு அதை ஜூன் கடைசிக்கு நகர்த்தியது. இன்று எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. மார்ச்சில் தொடங்கி பிப்ரவரியில் முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் செய்வதில்லை. உன் வீடு காலியாகும் நாளில்தான் என் வீடு காலியாக வேண்டும் என்பதால் தனியாக ஒருவர் மாற முடியாது. பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்திருப்போம்: இரும்பைச் சுற்றிய கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இரும்பில் காந்தம் மிஞ்சும். ஜூலை 1 அப்படி மிஞ்சிய காந்தம். அது ஆனி மாதத்தின் நடுவில் வருகிறது. ஆனியில் குடிபுகக் கூடாது என்று பஞ்சாங்கம் பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்கள்கூட, வைகாசியில் பால் காய்ச்ச வழியில்லாமல், அன்றே லாரியில் சாமி படத்தை ஏற்றுகிறார்கள்.

அதனால்தான் 2019 ஜூன் 16இல் வந்த 21ஆம் சட்டம் எனக்குக் கவலை தருகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், அரசு வழக்கறிஞர் ஆகியோர் பணியில் இருக்கும்போது மத அடையாளம் எதுவும் அணியக் கூடாது. முக்காடு, டர்பன், சங்கிலியில் தொங்கும் சிலுவை எல்லாம் அடங்கும். அரசு மதம் சாராமல் இருக்க வேண்டும் என்பது வாதம். அடுத்த மாதமே சட்டமன்றத்துக்குள் 1936 முதல் தொங்கிய சிலுவையும் கழற்றப்பட்டது. தேவாலயத்தின் பிடியில் தலைமுறைகளாகத் திணறிய சமூகத்துக்கு அந்த எச்சரிக்கை இருப்பது நியாயம்தான். ஆனால் 33ஆம் பிரிவை முன்கூட்டியே பூட்டாகப் போட்டுவிட்டு இந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். கேள்வி கேட்கும் வழியே இங்கே அடைபடுகிறது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதே பதவியில் இருக்கும் வரை அணியலாம் என்று விலக்கு உண்டு. ஆக, யாரையும் ஒரே நாளில் வெளியேற்றவில்லை. ஒவ்வொருவராக ஓய்வு பெறுவார்கள், இடம் மாறுவார்கள். அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2030இல் பள்ளியை முடிக்கும். அதற்கு அடுத்த தலைமுறைக்கு, முக்காடு போட்ட ஆசிரியை என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போகலாம். வாடகை அட்வான்ஸைப் போலவே, பிள்ளைகள் நேரத்து விளம்பரத்தைப் போலவே. 2024இல் கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் இங்கேயே பிறந்தவள். அரசு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், முக்காடு அணிபவள். பிரெஞ்சு இலக்கணத்தில் என்னைத் திருத்துவது அவளுக்குப் பொழுதுபோக்கு. 101ஆம் சட்டம் யாரை உருவாக்க ஆசைப்பட்டதோ, அச்சு அசலாக அவள்தான். "மாமா, எனக்கு பிரெஞ்சு டீச்சராகணும். ஆனா இங்கே முடியாதே" என்றாள் போன வருடம். ஆன்டாரியோவில் பிரெஞ்சு ஆசிரியர்களுக்குப் பெரிய பற்றாக்குறை. அங்கே முக்காடு தடையில்லை. ஒட்டாவா இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.